சும்மா இருக்கும் பக்கம் யாருக்குத் தெரியும்?

திருப்பூர் மாவட்டம் பல்லடம் வட்டத்தில், நொய்யல் ஆற்றை ஒட்டி இருக்கிறது சாமளாபுரம். சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடைப்பட்ட விசைத்தறி வட்டாரத்தின் பேரூராட்சிகளில் ஒன்று. 1930களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைப் பக்கம் வந்த பிறகு நூற்பாலைகள் பெருகின. பின்வந்த தலைமுறைகளில் கிணற்று நீர் இறங்க இறங்க, தோட்டத்துச் சாளைகளுக்குப் பக்கத்திலேயே தறிக்கூடங்கள் எழும்பின. இந்த வட்டாரத்தில் ஜவுளி உற்பத்தியாளர் ஒப்புக்கொள்ளும் ஆர்டருக்கும் அவருக்குச் சொந்தமான தறிகளின் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. பாவும் ஊடை நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குவதுதான் வழக்கம். ஒரு தறியும் சொந்தமாக இல்லாதவர்கூட ஆயிரக்கணக்கான மீட்டர் காடாத் துணிக்கு வாக்குக் கொடுக்க முடியும். வட்டாரம் முழுவதும் எல்லாத் தறியும் எல்லா நேரமும் ஓடுவதில்லை என்பதுதான் அந்த வாக்குக்கு ஆதாரம். எந்தத் தறி சும்மா நிற்கிறது, எங்கே பாவு தீரப்போகிறது என்பது உற்பத்தியாளரின் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் தெரியாது. தறிக்காரர் சொன்னால்தான் தெரியும்.

கையிருப்பைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றியும் காட்டும் இந்த ஏற்பாட்டுக்குக் கணினி உலகில் ஏறக்குறைய 60 வயதான ஓர் உறவு உண்டு. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டி, இருக்கும் நினைவகத்தை அவற்றுக்கிடையே தேவைக்கேற்ப மாற்றி மாற்றிக் கொடுப்பது அது. இன்று இந்த வட்டாரத்து நடுத்தர நிறுவனங்களுக்கும் அது தூரத்து விஷயமாக இல்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபின் கூலிக்கு அனுப்பும் ஒவ்வொரு பாவுக்கும் டெலிவரி சலான் வேண்டும். 2018 முதல் இ-வே பில்லும் சேர்ந்துகொண்டது. கணக்குக்கு ஒரு விண்டோஸ், ஈஆர்பி தரவுத்தளத்துக்கு ஒரு லினக்ஸ், கோப்புகளுக்கு இன்னொன்று என்று தனித்தனிப் பெட்டிகள் வாங்காமல், ஒரே லினக்ஸ் சர்வரில் மூன்றையும் மெய்நிகர் கணினிகளாக ஓட்டுவது சிக்கனமான வழி. இடம் கொடுக்கும் கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே குடியிருப்பதைக் கெஸ்ட் என்றும் தொழிலில் சொல்வார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் மெய்நிகர் கணினி மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி, ஒருமுறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் உரிமங்களை நிறுத்தியதிலிருந்து, இந்த வேலைக்கு லினக்ஸை நாடும் சிறு அலுவலகங்கள் கூடியிருக்கின்றன. நினைவகப் பங்கீட்டைப் பொதுவாகப் பொறியியல் சாமர்த்தியங்களின் வளர்ச்சியாகவே எழுதிவைக்கிறார்கள். அந்த வரலாற்றை ஊன்றிப் பார்த்தால் வேறொரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: நினைவகத்தின் எந்தப் பக்கம், அதாவது எந்தத் துண்டு, இப்போது தேவையில்லை என்பது யாருக்குத் தெரியும், தெரிந்தவர் அதைத் தெரியாதவரிடம் எப்படிச் சொல்கிறார்? ஹோஸ்ட் வெளியிலிருந்து ஊகித்த முறைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. கெஸ்ட் தானே சொல்லும் முறைகளில் எளியவை நிலைத்தன.

தொடக்கத்திலிருந்தே பார்க்கலாம். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் அறிவியல் மையத்தில் ராபர்ட் க்ரீஸியின் குழு 1964-இல் தொடங்கிய சிபி-40 என்ற அமைப்பு, 1967 ஜனவரியில் அன்றாட உபயோகத்துக்கு வந்தது. அது ஓடியது மாற்றியமைக்கப்பட்ட சிஸ்டம்/360 மாடல் 40 கணினியில். அதன் நினைவகம் 256 கிலோபைட். அதற்குள் 14 மெய்நிகர் கணினிகள் ஓடின. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் இருப்பதாகக் காட்டப்பட்டது. 256 கிலோபைட்டைக் கையில் வைத்துக்கொண்டு 3,584 கிலோபைட்டுக்கு வாக்கு. கூடுதல் வாக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் பின்னால் புகுந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். பிறக்கும்போதே 14 மடங்கு. இதற்கு அடித்தளமாக இருந்தது, 1962-இல் மான்செஸ்டரின் அட்லஸ் கணினி நடைமுறையில் காட்டிய உத்தி: நினைவகத்தைச் சம அளவுள்ள பக்கங்களாக வெட்டி, இப்போது தேவைப்படாத பக்கத்தைக் காந்த உருளைக்கு (டிரம்) அனுப்பி, தேவைப்படும்போது திரும்ப எடுப்பது. அந்த உத்தி ஹோஸ்டுக்கு இடம் தேடிக் கொடுத்தது. எந்தப் பக்கத்தை அனுப்பினால் நல்லது என்ற அறிவை அது கொடுக்கவில்லை.

அந்த அறிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1968-இல் பீட்டர் டென்னிங் எழுதிய இரண்டு கட்டுரைகள் விளக்கின. ஒவ்வொரு நிரலுக்கும் எந்த நேரத்திலும் கையில் இருந்தே தீர வேண்டிய பக்கங்களின் தொகுப்பு ஒன்று உண்டு. எல்லா நிரல்களின் தொகுப்புகளும் சேர்ந்து நினைவகத்தைத் தாண்டிவிட்டால், கணினி பக்கங்களை எடுத்து வைப்பதையும் திரும்பக் கொண்டுவருவதையும் தவிர வேறு வேலை செய்யாது. மெய்நிகர் கணினியில் இதற்கு மேல் இன்னொரு கோணலும் உண்டு. 1974-இல் கோல்ட்பர்க், ஹாசிங்கர் இருவரும் அதை எழுதிக் காட்டினார்கள். ஹோஸ்ட் ஒரு பக்கத்தை ஏற்கெனவே வட்டுக்கு அனுப்பிவிட்டது. அது தெரியாத கெஸ்ட், அதே பக்கத்தைத் தன்னுடைய வட்டுக்கு அனுப்பத் தீர்மானிக்கிறது. அனுப்புவதற்காகவே அந்தப் பக்கம் வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற வேண்டும், ஏறியவுடன் மறுபடி வட்டுக்கு இறங்க வேண்டும். இரண்டு நிர்வாகிகளும் தத்தம் அளவில் சரியாகவே நடந்துகொள்கிறார்கள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாததால் வேலை இரட்டிப்பாகிறது. ஐபிஎம் இதை அனுபவத்தில் உணர்ந்திருந்தது. 1972-இல் அறிவித்த விஎம்/370-இல், தனக்கு இனித் தேவைப்படாத பக்கங்களைக் கெஸ்ட் தானே சொல்லி ஒப்படைப்பதற்கென்று தனிக் கட்டளை ஒன்று இருந்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய அந்தச் சிறிய கட்டளைதான் இன்று லினக்ஸ் வந்து சேர்ந்திருக்கும் இடம் என்பது என் கணிப்பு. இடையில் சுற்றிய சுற்று நீளமானது.

1997-இல் ஸ்டான்ஃபோர்டின் டிஸ்கோ ஆய்வும், அடுத்த ஆண்டு அதிலிருந்து பிறந்த விஎம்வேர் நிறுவனமும் மெய்நிகர் கணினியைச் சாதாரண சர்வர்களுக்குக் கொண்டுவந்தன. இப்போது கெஸ்டாக வந்தவை விண்டோஸ், லினக்ஸ் போன்றவை. தாங்கள் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம் என்பதே அவற்றுக்குத் தெரியாது; ஹோஸ்டோடு பேசும் கட்டளை எதுவும் அவற்றுக்குள் இல்லை. 2002 டிசம்பரில் விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை. அதில் மூன்று யோசனைகள் இருந்தன. ஒன்று, கெஸ்டின் பக்கங்களில் 100-ஐ 30 விநாடிக்கு ஒருமுறை குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்து, அவற்றில் எத்தனை தொடப்பட்டன என்று பார்த்து, சும்மா கிடப்பவற்றுக்கு வரி போடுவது. இரண்டு, வெவ்வேறு கெஸ்டுகளில் ஒரே உள்ளடக்கம் உள்ள பக்கங்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்குவது. மூன்றாவது பலூன். முதல் இரண்டும் வெளியிலிருந்து ஊகிப்பவை. பலூன் மட்டும் கெஸ்டையே தீர்மானிக்க வைத்தது.

பலூனை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதன் அழகு நுணுக்கத்தில் இருக்கிறது. கெஸ்டுக்குள் ஒரு சிறிய டிரைவர் நிறுவப்படுகிறது. ஹோஸ்டுக்கு 1 ஜிபி வேண்டுமானால் அந்த டிரைவரிடம் கேட்கிறது. டிரைவர் மற்ற எந்த நிரலையும் போலக் கெஸ்டின் கர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியிடம், பக்கம் கேட்கிறது. கர்னல் முதலில் வெற்றுப் பக்கங்களைக் கொடுக்கும். அவை தீர்ந்தால், வட்டில் நகல் இருப்பதால் தூக்கி எறியக்கூடிய கேஷ் பக்கங்களைக் காலி செய்து கொடுக்கும். அதுவும் போதாவிட்டால், வெகுநாள் தொடாத பக்கங்களை வட்டில் உள்ள தன் ஸ்வாப்புக்கு அனுப்பிவிட்டுக் கொடுக்கும். எதை விடுவது என்று முடிவெடுப்பது உள்ளே இருக்கும் கர்னல், அதற்குத்தான் தெரியும். டிரைவர் வாங்கிய பக்கங்களைத் தொடாமல் பிடித்துவைத்துக்கொண்டு, அவற்றின் எண்களை ஹோஸ்டிடம் சொல்கிறது. ஹோஸ்ட் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் உண்மையான நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது. லினக்ஸின் பலூன் டிரைவர் ஒரு தடவைக்கு 256 எண்கள் சொல்லும். ஒரு பக்கம் 4 கிலோபைட் என்றால் ஒரு தடவைக்கு 1 எம்பி. ஆகவே 1 ஜிபி கைமாற 1,024 தடவை சொல்ல வேண்டும். வால்ட்ஸ்பர்கரின் சோதனையில், 256 எம்பி கெஸ்டைப் பலூன் வைத்துச் சுருக்கியபோது, முதலிலேயே அந்தச் சிறிய அளவில் அமைத்த கெஸ்டோடு ஒப்பிட்டால் வேகக் குறைவு 1.4 முதல் 4.4 சதவீதம் மட்டுமே. வெளியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பக்கங்களைப் பிடுங்கும் எந்த முறையும் இதற்குப் பக்கத்தில் வருவது கடினம். அவரும் பிடுங்கும் வழியைக் கைவிடவில்லை; பலூன் வேலை செய்யாத நேரத்துக்குக் கடைசித் துணையாக வைத்திருந்தார். அந்த வரிசை முறைதான் கவனிக்க வேண்டியது.

லினக்ஸுக்குள் இந்தக் கதை 2006 அக்டோபரில் நுழைகிறது. கும்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தின் ஆவி கிவிட்டி அறிவித்த கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 கர்னலில் இடம்பெற்றது. அதன் பெரிய தீர்மானம், கெஸ்டுக்கென்று தனி நினைவக நிர்வாகத்தை எழுதாமல் விட்டது. கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் கணினி, ஹோஸ்டின் கண்ணுக்கு மற்றொரு நிரல் மட்டுமே. அதன் நினைவகம் சாதாரண நிரலின் நினைவகம். லினக்ஸ் பல ஆண்டுகளாக நிரல்களுக்குச் செய்துவந்த எல்லாமே கெஸ்டுக்கும் தானாகக் கிடைத்தன. 2008 ஏப்ரலில் வெளியான 2.6.25 கர்னலில் இரண்டு புதுவரவுகள் ஒன்றாக வந்தன. ஒன்று, ரஸ்டி ரஸ்ஸல் எழுதிய விர்டியோ பலூன். மற்றொன்று, நிரல் குழு ஒன்றுக்கு இவ்வளவுதான் நினைவகம் என்று எல்லை கட்டும் மெமரி கன்ட்ரோலர். அதை முன்னின்று எழுதியவர் ஐபிஎம்மின் இந்திய லினக்ஸ் மையத்தில் இருந்த பல்பீர் சிங். இன்று உலகம் முழுவதும் கன்டெய்னர்கள் நம்பியிருக்கும் எல்லைக்கோட்டின் முதல் வடிவம் அது. பலூன் கேட்டு வாங்கும் கருவி, கன்ட்ரோலர் கட்டுப்படுத்தும் கருவி. ஒரே வெளியீட்டில் இரண்டும் வந்தது தற்செயல்தான் என்றாலும், பின்னால் வந்த விவாதங்கள் எல்லாம் இவை இரண்டுக்கும் இடையில்தான் நடந்தன.

ஊகிக்கும் முறைகளின் உச்சம் கேஎஸ்எம். ஐசிக் ஐடஸ், ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி, கிறிஸ் ரைட் ஆகியோரின் இந்தப் பணி 2009 டிசம்பரில் 2.6.32 கர்னலில் சேர்ந்தது. ஹோஸ்டில் ஓர் இழை ஓயாமல் பக்கங்களைப் படித்துக்கொண்டே போகும். இரண்டு பக்கங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதன் இடத்தை விடுவிக்கும். யாராவது அதில் எழுதினால் அப்போது பிரித்துக் கொடுக்கும். 16 ஜிபி சர்வர் ஒன்றில் தலா 1 ஜிபி கொண்ட 52 விண்டோஸ் எக்ஸ்பி கெஸ்டுகளை ஓட்டிக்காட்டினார்கள். இந்த எண் அன்று ஏற்படுத்திய வியப்பு நியாயமானது. ஆனால் அது எந்தச் சூழலின் எண் என்பதையும் பார்க்க வேண்டும்: ஒரே அச்சில் வார்த்த 52 எக்ஸ்பிகள். வால்ட்ஸ்பர்கர் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே நிஜ அலுவலகங்களில் அளந்திருந்தார். பலவித வேலைகள் செய்யும் 10 விண்டோஸ் என்டி கெஸ்டுகளில் 32.9 சதவீத நினைவகம் மீண்டது. ஐந்து லினக்ஸ் கெஸ்டுகள் இருந்த இன்னொரு இடத்தில் 7.2 சதவீதம்தான். பிறகு 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களின் உபயோகம் பெருகியது. அவ்வளவு பெரிய பக்கம் இரண்டு இடங்களில் அச்சு மாறாமல் இருப்பது அரிது. கேஎஸ்எம் ஒன்றாக்க வேண்டுமானால் பெரிய பக்கத்தை உடைக்க வேண்டும், உடைத்தால் வேகம் போகும்.

அதைவிடப் பெரிய அடி பாதுகாப்பின் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்றாக்கிய பக்கத்தில் எழுதினால், பிரித்துக் கொடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது. அந்த நேரத்தை அளந்தே, பக்கத்துக் கெஸ்டில் என்ன நிரல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியும் என்று 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர் சுசாகியின் குழு காட்டியது. 2014-இல் விஎம்வேர், வெவ்வேறு கெஸ்டுகளுக்கிடையே பக்கங்களை ஒன்றாக்குவதை இயல்பாகவே அணைத்துவைக்க முடிவெடுத்தது. 2016-இல் ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். தாக்குபவர் தன் பக்கத்தையும் பக்கத்துக் கெஸ்டின் பக்கத்தையும் கேஎஸ்எம் ஒன்றாக்கும்படி செய்துவிட்டு, நினைவகச் சில்லின் மின்பலவீனத்தைத் தூண்டி அதில் ஒரு பிட்டைப் புரட்டினார். அந்தக் கெஸ்டுக்குள் நுழைவதற்கான பொதுச்சாவியே மாறிப்போனது. குடியிருப்பவரைக் கேட்காமல் ஹோஸ்ட் அவருடைய பொருளை இன்னொருவருடையதோடு சேர்த்துவைப்பதில் உள்ள ஆபத்து இவ்வளவு தெளிவாக வெளிப்பட்டது அப்போதுதான். கேஎஸ்எம் செத்துவிடவில்லை. எல்லாக் கெஸ்டும் ஒரே முதலாளிக்குச் சொந்தம், எல்லாம் ஒரே அச்சு என்றால் இன்றும் பயன் தரும். பொது வழி என்ற தகுதியை மட்டும் அது இழந்தது.

இரட்டைக் கேஷ் பிரச்சினையும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. கெஸ்ட் ஒரு கோப்பைப் படித்தால் தன் நினைவகத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு இருக்கும் வட்டு ஹோஸ்டின் பார்வையில் ஒரு பெரிய கோப்பு. ஆகவே ஹோஸ்டும் ஒரு நகல் வைத்துக்கொள்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு இடம். 2010-இல் பல்பீர் சிங், கெஸ்ட் தன் கேஷைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி திருத்தங்களை முன்வைத்தார். அவை கர்னலில் சேரவில்லை. 2012-இல் ஐஐடி மும்பையின் பிரதீக் சர்மாவும் புருஷோத்தம் குல்கர்னியும் சிங்கிள்டன் என்ற முறையை வெளியிட்டார்கள். கேஎஸ்எம்மின் ஒப்பிடும் திறனைக் கொண்டே, கெஸ்டிடம் ஏற்கெனவே நகல் உள்ள பக்கங்களை அடையாளம் கண்டு, ஹோஸ்டின் கேஷிலிருந்து அவற்றை அகற்றுவது அது. நம் நாட்டு ஆய்வகத்தில் இந்தப் பிரச்சினையின் மையத்தைத் தொட்ட பணி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு உண்டு. கெஸ்டின் நகலை விட்டுவிட்டு ஹோஸ்டின் நகலைத் தூக்கியெறிய வேண்டும் என்று அவர்கள் தேர்ந்தது சரியான திசை: எந்தக் கோப்பு மறுபடி தேவைப்படும் என்பது கெஸ்டுக்குத்தான் தெரியும். அன்றாட நடைமுறை அதே முடிவுக்கு எளிய வழியில் போய்ச் சேர்ந்தது. கெஸ்டின் வட்டைத் திறக்கும்போதே ஹோஸ்ட் கேஷ் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒரு வரியில் அமைத்துவிடுகிறார்கள். தெரிந்தவரிடம் விட்டுவிட்டு ஹோஸ்ட் ஒதுங்கிக்கொண்டது.

பலூன் இருக்கிறது, சரி. எவ்வளவு ஊத வேண்டும் என்பதை யார் சொல்வது? இதுதான் அடுத்த பத்தாண்டின் தலைவலி. 2010 வாக்கில் ஐபிஎம்மின் ஆடம் லிட்கே எழுதிய மாம் என்ற நிரல், கெஸ்டுகளிடமிருந்து புள்ளிவிவரம் வாங்கி, விதிகளின்படி பலூன்களை ஊதியும் சுருக்கியும் நடத்தியது. ரெட் ஹாட்டின் லூயிஸ் கேபிடுலினோ 2013 வாக்கில் முன்வைத்த தானியங்கிப் பலூன், ஹோஸ்டும் கெஸ்டும் நெருக்கடியை உணரும்போது தாமே சரிசெய்துகொள்ள வேண்டும் என்றது. அது கடைசிவரை சேர்க்கப்படவில்லை. நெருக்கடியை அளப்பதற்கு நம்பகமான அளவுகோலே அன்று லினக்ஸில் இல்லாதது பெரிய இடைஞ்சல். மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் லினக்ஸில் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும். சும்மா இருக்கும் இடத்தையெல்லாம் அது கேஷுக்குப் போட்டுவிடும். 2018 டிசம்பரில் 4.20 கர்னலில் ஜோஹன்னஸ் வெய்னரின் பிஎஸ்ஐ வந்தபோதுதான் கேள்வியே மாறியது. எவ்வளவு மிச்சம் என்பதை விட்டுவிட்டு, நினைவகம் கிடைக்காமல் நிரல்கள் எவ்வளவு நேரம் காத்து நின்றன என்பதை அது அளக்கிறது. வியன்னாவிலிருந்து 2008-இல் வெளிவந்த, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருள் இன்னும் கரடுமுரடான விதியைத்தான் பல ஆண்டுகள் பின்பற்றியது: ஹோஸ்டின் நினைவகத்தில் 80 சதவீதம் நிரம்பும்வரை யாரையும் தொடுவதில்லை, தாண்டினால் ஒவ்வொரு கெஸ்டையும் அதற்குச் சொன்ன குறைந்தபட்ச அளவு வரை சுருக்கலாம். கரடுமுரடானாலும் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கெஸ்டுக்கு முன்கூட்டியே சொன்ன அடிமட்டத்துக்குக் கீழே அது போகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கெஸ்டின் ஒத்துழைப்பை நம்புவது எப்படி ஒரு முறையாகும்? வாடகைக்கு வந்தவர் ஏன் தன் இடத்தைத் தானாக விட்டுக்கொடுப்பார்? டிரைவரே இல்லாத பழைய கெஸ்ட், பொய் சொல்லும் கெஸ்ட், பழுதாகி நிற்கும் கெஸ்ட் வந்தால் என்ன செய்வது? மறுப்பில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் கட்டுப்படுத்தும் கருவிகள் எதுவும் போகவில்லை. மெமரி கன்ட்ரோலரின் எல்லையும் ஹோஸ்டின் ஸ்வாப்பும் கடைசி அரணாக இருந்தே ஆக வேண்டும். ஆனால் ஒத்துழைப்பு நல்லெண்ணத்தில் நிற்பதில்லை, சொன்ன அடிமட்டம் காக்கப்படும் என்ற உறுதியில் நிற்கிறது. சாமளாபுரம் வட்டாரத்துத் தறிகளே இதற்குச் சாட்சி. 2021 நவம்பரில் பேசி அறிவித்த கூலி உயர்வு கைக்கு வராதபோது, 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலித் தறிகள் வேலைநிறுத்தத்தில் நின்றன. கொடுத்த வாக்கின் அடிமட்டம் உடைந்தால் பகிர்வே நின்றுவிடும். வால்ட்ஸ்பர்கர் முதல் ப்ராக்ஸ்மாக்ஸ் வரை ஒவ்வொருவரும் குறைந்தபட்ச அளவு ஒன்றைத் தனியே வைத்திருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று வரலாற்றிலிருந்தே வருகிறது. கெஸ்ட் சொல்லும் முறைகளும் தோற்றிருக்கின்றனவே? உண்மை. 2006-இல் மார்ட்டின் ஷ்விடெஃப்ஸ்கியும் ஐபிஎம் சகாக்களும் ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் ஓடும் லினக்ஸுக்காக, ஒவ்வொரு பக்கத்தின் நிலையையும் கெஸ்ட் ஹோஸ்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் திட்டத்தை வைத்தார்கள். 2009-இல் ஆரக்கிளின் டான் மேகன்ஹைமர் டிரான்சென்டென்ட் மெமரி என்ற பொதுக் களஞ்சியத்தை முன்வைத்தார்; கெஸ்டுகள் தங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படாத பக்கங்களை அதில் போட்டுவைக்கும். முதலாவது திட்டம் முழுமையாகக் கர்னலின் மையத்தில் சேரவே இல்லை. இரண்டாவதற்காக 2011-இல் கிளீன்கேஷ் சேர்ந்தது. ஆனால் கேவிஎம் போலவே மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சென் மென்பொருளுக்கான பகுதி 2019-இல் நீக்கப்பட்டது, 2022-இல் கிளீன்கேஷும் வெளியேறியது. இந்தத் தோல்விகள் என் வாதத்தைத் திருத்துகின்றன, கவிழ்க்கவில்லை. இரண்டும் கெஸ்டை அதிகம் பேச வைத்தன. முதலாவது, நினைவக நிர்வாகத்தின் மிக நுட்பமான, மிக அடிக்கடி ஓடும் பாதைகளில் எல்லாம் ஒரு சொல்லைச் செருகக் கேட்டது. அந்தப் பாதையைப் பராமரிப்பவர்கள் அதை ஏற்காததில் வியப்பில்லை. இரண்டாவது, பக்கத்துக்குப் பக்கம் நகலெடுத்து அனுப்பச் சொன்னது.

2020-இல் நிலைத்தது இவற்றின் எளிய தம்பி. 5.7 கர்னலில் அலெக்சாண்டர் டைக்கின் ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங் வந்தது. கெஸ்டின் கர்னலிடம் முழுவதும் காலியாக இருக்கும் பெரிய துண்டுகளை மட்டும் அது சொல்கிறது. சாதாரண இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு துண்டு 2 எம்பி. உடனே சொல்லாது, இரண்டு விநாடி பொறுக்கும், அந்த இடைவெளியில் அந்தத் துண்டு மறுபடி தேவைப்பட்டுவிடலாம் என்பதற்காக. ஹோஸ்ட் கேட்கவே வேண்டாம், எவ்வளவு ஊத வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவும் வேண்டாம். கெஸ்ட் பின்னால் அந்த இடத்தைத் தொட்டால் ஹோஸ்ட் புதிதாகப் பக்கம் கொடுக்கும். அடுத்து வந்த 5.8 கர்னலில் டேவிட் ஹில்டன்பிராண்டின் விர்டியோ-மெம், பலூனின் இன்னொரு குறையைச் சரிசெய்தது. பலூன் 4 கிலோபைட் துணுக்குகளாக அங்கங்கே பறித்து நினைவகத்தைச் சல்லடை ஆக்குகிறது. விர்டியோ-மெம்மோ பெரிய துண்டுகளாகச் செருகிக் கழற்றுகிறது. இவ்வளவு கூட்டு, இவ்வளவு குறை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இரண்டிலும் பேச்சு குறைவு, துண்டு பெரிது, முடிவெடுப்பது உள்ளே இருப்பவர். விஎம்/370-இன் கட்டளை புதிய உடையில் வந்ததுபோல் இவை எனக்குத் தெரிகின்றன.

இத்தனை பாடு எதற்கு, ரேம் மலிவுதானே, கூட ஒரு குச்சி வாங்கிச் செருகிவிடலாமே என்பது நடைமுறையாளரின் மறுப்பு. பாதி சரி. மூன்று கெஸ்ட் ஓடும் அலுவலகத்துக்கு வாக்கை இருப்புக்குள் அடக்கிக்கொள்வதுதான் பல நேரங்களில் புத்திசாலித்தனம். ஆனால் நினைவகச் சில்லின் விலை எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் விலை வேகமாக ஏறியது. மலிவு என்ற அனுமானத்தில் திட்டமிட்டவர்கள் திணறினார்கள். பெரிய அளவில் பார்த்தால் கணக்கே வேறு. அமேசான் தன் மெய்நிகர் கணினி மென்பொருளான ஃபயர்கிராக்கரைப் பற்றி 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், நினைவகமும் செயலியும் சேர்த்து 20 மடங்குக்கு மேல் கூடுதல் வாக்கைச் சோதித்ததாகவும், அன்றாட இயக்கத்திலேயே 10 மடங்கு வரை போவதாகவும் எழுதியது. மேகக்கணியில் யாரும் கூடுதல் வாக்குத் தருவதில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

சிறிய அலுவலகத்துக்கே வந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 32 ஜிபி ஹோஸ்ட். கணக்கு விண்டோஸுக்கு 12, தரவுத்தளத்துக்கு 16, கோப்புகளுக்கு 12. மொத்தம் 40 ஜிபி வாக்கு. சாதாரண நாட்களில் மூன்றும் சேர்ந்து 20 ஜிபியைத் தாண்டாது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாட்களில் கணக்கு விண்டோஸும் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் முட்டும், ஏனென்றால் கணக்கர் எடுக்கும் அறிக்கை அந்தத் தரவுத்தளத்திலிருந்துதான் வருகிறது. ஒருவர் உச்சத்தில் இருக்கும்போது மற்றவர் சும்மா இருப்பார் என்ற அனுமானம் இங்கே பலிக்காது. இவை இரண்டுக்கும் அடிமட்டத்தை உயர்த்தி வைத்து, கோப்பு கெஸ்டின் அடிமட்டத்தை 4 ஜிபிக்கு இறக்கினால், அந்த நாளில் பலூன் கோப்பு கெஸ்டின் கேஷிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்தபின் மூன்றும் சேர்ந்து 32-க்குள், ஹோஸ்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்து, அடங்குகிறதா என்று கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோப்பு திறக்கச் சற்றுத் தாமதமாகும், படிவம் நேரத்துக்குப் போய்விடும். தரவுத்தளத்திடம் பலூன் பறிப்பது மோசம்: அது வாங்கிய நினைவகத்தைத் தன் சொந்தக் கேஷாக வைத்திருக்கும், கெஸ்டின் கர்னலுக்கே அதன் உள்ளடக்கம் தெரியாது. பறித்தால் வட்டுக்குப் போவது சூடான பக்கமாகவும் இருக்கலாம். அறியாமை இங்கே ஒரு படி உள்ளே தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். 1974-இல் கோல்ட்பர்க் எழுதிய கோணல், கர்னலுக்கும் தரவுத்தளத்துக்கும் இடையில் மறுபடி தலைகாட்டுகிறது.

கெஸ்டின் கேஷ்தான் இன்னும் தீராத இடம். காலித் துண்டைச் சொல்ல ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங் இருக்கிறது. ஆனால் நாலு நாளைக்கு முன் படித்த கோப்பின் நகல் காலி இல்லை. நினைவகத்தில் வேறு நெருக்கடி வரும்வரை கெஸ்ட் அதை விடாது, ஹோஸ்டில் நெருக்கடி இருப்பது அதற்குத் தெரியவும் தெரியாது. 2021-இல் 5.15 கர்னலில் சேர்ந்த அமேசானின் செங்ஜே பார்க்கின் டேமன், எந்தப் பக்கங்கள் தொடப்படுகின்றன என்பதைக் குறைந்த செலவில் கெஸ்டுக்கு உள்ளேயே கண்காணிக்கிறது. அடுத்த கர்னலில் வந்த அதன் துணை, வெகுநேரம் தொடாத பக்கங்களை நெருக்கடி வரும் முன்பே காலி செய்கிறது. காலியானவை பெரிய துண்டாகச் சேர்ந்தால், இரண்டு விநாடியில் ஹோஸ்டுக்குச் செய்தி போகும். வால்ட்ஸ்பர்கர் 30 விநாடிக்கு 100 பக்கம் என்று வெளியிலிருந்து குத்துமதிப்பாகப் பார்த்த அதே வேலையை, இப்போது கெஸ்டே தன் வீட்டுக்குள் செய்து முடிவை மட்டும் சொல்லிவிடுகிறது. விண்டோஸ் கெஸ்டுக்கு டேமன் இல்லை. ஆகவே கணக்கு விண்டோஸும் தரவுத்தள லினக்ஸும் சேர்ந்து குடியிருக்கும் சர்வரில், லினக்ஸ் பக்கம் இந்தப் புதிய வழியையும், விண்டோஸ் பக்கம் பழைய பலூனையும், அதற்குக் கவனமாக வைத்த ஓர் அடிமட்டத்தையும் இப்போதைக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.